சின்ன க்ளஸ்டர் பத்தியும் எழுதுங்க, அது எங்க மாட்டிக்குதுங்கிறதையும் சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க அறிவியல் பக்கத்துல சூப்பர் கம்ப்யூட்டர் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, அதுல குறை சொல்ல வரல. ஆனா படிச்சு முடிச்சப்ப, இதெல்லாம் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கிற சமாச்சாரம், நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்கிற மாதிரி ஒரு நினைப்பு வருது. அது உண்மை இல்ல. நாலு சாதாரண கம்ப்யூட்டர், ஒரு ஸ்விட்ச், நாலஞ்சு கேபிள் இருந்தா அந்தப் பெரிய மெஷின்ல ஓடுற அதே விதமான ப்ரோக்ராம வீட்டு மேசையிலயே ஓட்டிப் பாக்கலாம். நான் பல வருஷமா ஒரு லேப்ல இந்த மாதிரி பல கம்ப்யூட்டர சேர்த்து ஒண்ணா வேல செய்ய வைக்கிற சின்ன க்ளஸ்டர் ஒண்ணப் பாத்துக்கிட்டு வரேன், அதுல பசங்களுக்கு சொல்லியும் குடுக்கிறேன், அதனாலதான் எழுதுறேன்.

கொஞ்சம் பழைய கதை. 1994ல நாசாவோட கோடார்ட் மையத்துல தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர்னு ரெண்டு பேர் 16 சாதாரண 486 கம்ப்யூட்டர சேர்த்துக் கட்டினாங்க, ஈதர்நெட் வேகம் அப்ப வெறும் 10 மெகாபிட். பேவுல்ஃப்னு பேர் வச்சாங்க. அதே 1994லதான் எம்பிஐங்கிற, மெஷின்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கிறதுக்கான மெசேஜ் பாஸிங் ஸ்டாண்டர்டோட முதல் பதிப்பும் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அதே வேலைக்கு பிவிஎம்னு ஒண்ணு இருந்துச்சு, 1989ல ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல ஆரம்பிச்சது. அதே ஓக் ரிட்ஜ்ல இருக்கிற ஃபிரான்டியர் மெஷின்தான் 2022ல உலகத்தோட வேகமான கம்ப்யூட்டர்கள வரிசைப்படுத்துற டாப்500 பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்துச்சு, அதுலயும் நோடுக்கு நோடு (சேர்த்துக் கட்டின ஒவ்வொரு மெஷினும் ஒரு நோடு) பேசிக்கிறது எம்பிஐ வழியாத்தான். அதாவது பெரிய மெஷின்ல சென்ட், ரிசீவ்னு எழுதுற அதே வரி நாலு பழைய மெஷின்லயும் ஓடும், கத்துக்க நினைக்கிற ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ இதுவிட பெரிய வசதி என்ன வேணும் சொல்லுங்க.

விஷயமே இதுக்கப்புறம்தான் இருக்கு. ஆரம்பிக்கிறவங்கள்ல நிறைய பேர் பாதியிலயே விட்டுடறாங்க. பாடம் கஷ்டம்னு விடல. எம்பிஐல நூத்துக்கணக்குல ஃபங்ஷன் இருந்தாலும் ஆறே ஆறு தெரிஞ்சா உருப்படியான ப்ரோக்ராம் எழுதிடலாம்: இனிட், ஃபைனலைஸ், நான் யாரு, மொத்தம் எத்தன பேரு, அனுப்பு, வாங்கு. ஒரே ப்ரோக்ராம் எல்லா மெஷின்லயும் ஓடுது, அந்த ஒவ்வொரு காப்பியும் ஒரு ப்ராசஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு ரேங்க்னு பேரு, யாரும் யாரோட மெமரியையும் எட்டிப் பாக்க முடியாது, வேணும்னா கேட்டு வாங்கிக்கணும். அவ்வளவுதான் அடிப்படை. மாட்டிக்கிற இடம் ப்ரோக்ராமுக்கு வெளிய இருக்கு, நாலு மெஷினும் உண்மையிலயே ஒரே மாதிரி இல்லங்கிறதுல இருக்கு, அத எந்தப் பாடத்துலயும் சொல்லிக் குடுக்கறதில்ல.

ஒரு பொண்ணோட அனுபவத்த சொல்றேன். ஒரு தகட்டுல சூடு எப்படிப் பரவுதுன்னு கணக்குப் போடுற ப்ரோக்ராம், ரொம்ப சுத்தமா எழுதியிருந்தா. ஒரு மெஷின்ல நாலு ப்ராசஸ் போட்டா அருமையா ஓடுது, ரெண்டு மெஷின்ல போட்டா ஹேங் ஆயிடுது, எரரும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா நிக்குது. மூணு வாரம் தன்னோட கோட்லயே தப்பத் தேடிக்கிட்டு இருந்தா. கடைசியில பாத்தா ரெண்டு மெஷின்லயும் டாக்கர்னு, ப்ரோக்ராம்கள தனித்தனி பெட்டி மாதிரி பிரிச்சு ஓட்டுற ஒரு மென்பொருள் போட்டிருந்தாங்க, அது தனக்குன்னு 172.17.0.1ன்னு ஒரு நெட்வொர்க் அட்ரஸ ரெண்டு மெஷின்லயும் வச்சிருந்துச்சு. ஓப்பன் எம்பிஐ (எம்பிஐ ஸ்டாண்டர்டப் பின்பற்றி எழுதின மென்பொருள்கள்ல ஒண்ணு) என்ன பண்ணும்னா கண்ணுல படுற எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸையும், அதாவது நெட்வொர்க்குக்குப் போற வாசல் எல்லாத்தையும், எடுத்துக்கும், ரெண்டு பக்கமும் ஒரே சப்நெட் (ஒரே நெட்வொர்க் பகுதி) மாதிரி தெரியுதே, இது வழியா பேசலாம்னு முயற்சி பண்ணும், அந்த வழி மெஷின விட்டு வெளியவே போகாது, அப்புறம் எங்க பேசறது. இந்த க்ளஸ்டர் நெட்வொர்க்க மட்டும் எடுத்துக்கோன்னு சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கு, பிடிஎல் டிசிபி இஃப் இன்க்ளூட்னு, அதுல 192.168ல ஆரம்பிக்கிற அவங்க சப்நெட்டக் குடுத்ததும் உடனே ஓடிடுச்சு. ஒரே ஒரு வரி. ஆனா அதுக்குள்ள அந்தப் பொண்ணு தனக்கு பேரலல் ப்ரோக்ராமிங் வராதுன்னு முடிவு பண்ணி வேற ப்ராஜெக்ட் எடுத்துக்கிட்டா. இன்னைக்கும் எனக்கு அது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா அவ கோட்ல ஒரு தப்பும் இல்ல.

இதே மாதிரி ஹேங் ஆகறதுக்கு ஃபயர்வாலும் காரணமா இருக்கும். ஒரு மெஷின்லேர்ந்து இன்னொண்ணுக்குள்ள போய் கமாண்ட் ஓட்ட உதவுற எஸ்எஸ்எச்சோட போர்ட் 22 (போர்ட்னா நெட்வொர்க் கதவு மாதிரி) மட்டும் திறந்திருந்தா எஸ்எஸ்எச் வழியா அடுத்த நோடுக்குப் போயிடும், ஆனா அதுக்கப்புறம் மெஷின்கள் ஒண்ணோட ஒண்ணு பேச எம்பிஐ வேற வேற போர்ட்ட எடுத்துக்கும், அது மூடியிருக்கும். க்ளஸ்டருக்குள்ள இருக்கிற தனி நெட்வொர்க்க முழுசா திறந்து விட்டுட்டு வெளி உலகத்தப் பாக்கற அந்த ஒரு இன்டர்ஃபேஸுல மட்டும் காவல் போடறதுதான் சரியான வழி, மொத்தத்துக்கும் ஃபயர்வால ஆஃப் பண்றது இல்ல. உபுண்டு, டெபியன்னு லினக்ஸ் போட்டவங்களுக்கு இன்னொரு பொறி, எந்தப் பேருக்கு எந்த அட்ரஸ்னு எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மெஷினோட சொந்தப் பேருக்கு நேரா 127.0.1.1ன்னு போட்டிருக்கும், அந்த மெஷின் மத்தவங்ககிட்ட நான் இங்கதான் இருக்கேன்னு இந்த அட்ரஸ சொல்லிடும், மத்தவங்க அத வச்சுத் தேடினா தங்களையேதான் கண்டுபிடிப்பாங்க. அந்த வரிய எடுத்துட்டு உண்மையான அட்ரஸப் போடணும், எல்லா நோட்லயும் ஒரே ஹோஸ்ட்ஸ் ஃபைல்.

பாஸ்வேர்ட் கேக்காம எஸ்எஸ்எச் போகணும்ங்கிறது எல்லாரும் சொல்றதுதான், கீ ஜெனரேட் பண்ணி காப்பி பண்ணிடுவாங்க, எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, உள்ள இருக்கிற ஆதரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600ன்னு பர்மிஷன் இல்லாட்டி கீ இருந்தும் பாஸ்வேர்ட் கேக்கலாம், அதையும் சரி பண்ணிடுவாங்க. அதுக்கப்புறம் வரதுதான் குழப்பம். நேரா லாகின் பண்ணி எம்பிஐ இருக்கான்னு கேட்டா இருக்குங்குது, ப்ரோக்ராம எல்லா நோட்லயும் தொடங்கி வைக்கிற எம்பிஐரன் கமாண்டப் போட்டா, அந்த நோட்ல ஆர்ட்டெட்ங்கிற (ஓப்பன் எம்பிஐ 5ஆம் பதிப்புலேர்ந்து பிஆர்டெட்) உதவி ப்ரோக்ராமே காணோம்ங்குது. காரணம் என்னன்னா உபுண்டுல கமாண்ட் டைப் பண்ற ஷெல் தொடங்கறப்ப படிக்கிற பாஷ்ஆர்சி ஃபைலோட மேலயே ஒரு வரி இருக்கும், ஆள் உக்காந்து டைப் பண்ற ஷெல் இல்லன்னா இங்கயே நிறுத்துன்னு. நம்ம பசங்க பாத், அதாவது ப்ரோக்ராம எந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கிறத, செட் பண்றத ஃபைலோட கடைசியில போட்டிருப்பாங்க. எம்பிஐரன் தொடங்கற ஷெல்லுல ஆள் கிடையாது, அது மேலயே திரும்பிப் போயிடும், கடைசி வரிய படிக்கவே படிக்காது. பாத் செட் பண்ற வரிகளத் தூக்கி அந்த நிறுத்துற வரிக்கு மேல வச்சா போதும். லாகின் பண்ணாம எஸ்எஸ்எச் வழியா ஒரே ஒரு கமாண்ட மட்டும் அனுப்பி பாத் என்னன்னு கேட்டுப் பாருங்க, உண்மை அப்பத்தான் தெரியும்.

இன்னொண்ணு இருக்கு, இத நான் புதுசா வர ஒவ்வொருத்தருக்கும் முதல் நாளே சொல்லிடுவேன். எட்டு ப்ராசஸ் கேட்டா எட்டும் வந்து நிக்கும், ஆனா எட்டுமே நான்தான் ரேங்க் 0, மொத்தம் 1 ஆள்தான்னு சொல்லும். பாக்கறவங்களுக்குத் தல சுத்தும். பெரும்பாலும் மெஷின்ல எம்பிச்ங்கிற வேற ஒரு எம்பிஐ மென்பொருள் ஒண்ணு, ஓப்பன் எம்பிஐ ஒண்ணுன்னு ரெண்டும் இருக்கும், ஒண்ணால கம்பைல் பண்ணிட்டு இன்னொண்ணோட எம்பிஐரன்ல ஓட்டியிருப்பாங்க. ரெண்டும் ஒரே ஸ்டாண்டர்டுதான், ஆனா உள்ளுக்குள்ள ஆள் கூப்பிடுற முறை வேற, அதனால ஒவ்வொரு ப்ராசஸும் தான் தனியா இருக்கேன்னு நினைச்சுக்கும். ஏதாவது ஒண்ணப் போடுங்க, எல்லா நோட்லயும் அதே வெர்ஷனப் போடுங்க, அதே இடத்துலயும் போடுங்க.

ஃபைல் ஷேரிங்குக்கு என்எஃப்எஸ் போதும், ஹோம் ஃபோல்டர எல்லா நோட்லயும் ஒரே பாத்ல மவுண்ட் பண்ணனும், யூசர் ஐடி நம்பரும் எல்லா மெஷின்லயும் ஒண்ணா இருக்கணும். கடிகாரமும் ஒண்ணா ஓடணும், க்ரோனி போட்டா பாத்துக்கும். பழைய மெஷினும் புது மெஷினும் கலந்து வச்சிருக்கவங்க கம்பைலர்ல மார்ச் நேட்டிவ்ங்கிற, இந்த மெஷினுக்குன்னே செய்யச் சொல்ற ஆப்ஷனப் போடாதீங்க, புது மெஷின்ல செஞ்ச ப்ரோக்ராம் பழசுல போய் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு செத்துப் போகும்.

இதெல்லாம் தாண்டினப்புறம்தான் ப்ரோக்ராமுக்குள்ள இருக்கிற தப்பு வெளிய வரும், அதுல ஒண்ணப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இத நான் பாக்காத வருஷமே இல்ல. பக்கத்து பக்கத்துல இருக்கிற ரெண்டு ரேங்க் தங்களோட பங்குல இருக்கிற நம்பர்கள்ல ஓரத்து வரிசைய ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கணும்னு வச்சுக்கோங்க. ரெண்டு பேரும் முதல்ல சென்ட், அப்புறம் ரிசீவ்னு எழுதியிருப்பாங்க. ஒரு நோட்டுக்கு ஒரு ப்ராசஸ்னு போட்டு, வரிசைக்கு 1000 டபுள் நம்பர்னு (ஒண்ணு 8 பைட்) ஓட்டினா 8,000 பைட்தான், ஓடிடும், எல்லாரும் கை தட்டுவாங்க. அடுத்த வாரம் 10,000 நம்பர்னு பெருசாக்குவாங்க, 80,000 பைட், அங்கேயே நின்னுடும். கோட்ல ஒரு எழுத்து மாறல, சைஸ் மட்டும்தான் மாறுச்சு. விஷயம் என்னன்னா சின்ன மெசேஜா இருந்தா எம்பிஐ அந்தப் பக்கம் கேக்கறதுக்கு முன்னாடியே அனுப்பி வச்சிடும், சென்ட் உடனே திரும்பி வந்துடும். ஒரு அளவுக்கு மேல போனா நீ ரெடியான்னு கேட்டு, ரெடின்னு பதில் வந்தப்புறம்தான் அனுப்பும். ஓப்பன் எம்பிஐல டிசிபி வழியா போறப்ப அந்த எல்லை வழக்கமா 64 கிலோபைட், ஒரே மெஷினுக்குள்ள பேசிக்கிட்டா இன்னும் கம்மி. ரெண்டு பேருமே சென்ட்ல நின்னுக்கிட்டு எதிராளி ரெடியாகட்டும்னு காத்திருந்தா யார் ரிசீவுக்கு வரது. சின்ன சைஸ்ல ஓடினதுதான் விபத்து, ப்ரோக்ராம் முதல் நாள்லேர்ந்தே தப்புதான். எல்லைய ஏத்திக்கிற செட்டிங்க யாராவது சொல்லுவாங்க, தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க, சென்ட்ரிசீவ்னு ஒரே கால் இருக்கு அதப் போடுங்க, இல்லாட்டி ஐசென்ட், ஐரிசீவ் போட்டு கடைசியில வெய்ட்ஆல் போடுங்க. இந்தத் தப்பு இருக்கான்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, எல்லா சென்ட்டையும் எஸ்சென்ட்டா மாத்தி சின்ன சைஸ்ல ஓட்டிப் பாக்கறது. எஸ்சென்ட் அந்தப் பக்கம் வாங்க ஆரம்பிக்காம திரும்பவே திரும்பாது, அதனால மறைஞ்சிருக்கிற டெட்லாக், அதாவது ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டு நிக்கிற நிலை, அப்பவே வெளிய வந்துடும்.

வேகம் பத்தியும் சொல்லணும். பதினாறு ப்ராசஸ் போட்டா பதினாறு மடங்கு வேகம் வரும்னு நினைச்சுதான் எல்லாரும் வராங்க. 1967லயே ஜீன் ஆம்டால் சொல்லிட்டாரு, வேலையில 5 சதவீதம் பிரிக்க முடியாததா இருந்தா எத்தன ஆயிரம் மெஷின் போட்டாலும் 20 மடங்குக்கு மேல போகாது, பதினாறு போட்டா ஒன்பது மடங்கு சொச்சம்தான் வரும். அது கணக்கு, அதோட சண்டை போட முடியாது. ஆனா நெட்வொர்க்ல வீணாகறத நாம குறைக்கலாம். சாதாரண கிகாபிட் ஈதர்நெட்ல ஒரு மெசேஜ் போய்ச் சேரவே சுமாரா 50 மைக்ரோசெகண்ட் எடுத்துக்கும்னு வச்சுக்கோங்க, அந்த நேரத்துல 3 கிகாஹெர்ட்ஸ் ஓடுற ஒரு கோர் (ப்ராசஸருக்குள்ள தனியா கணக்குப் போடுற ஒரு பகுதி) 1,50,000 சுத்து சுத்தியிருக்கும். ஆயிரம் நம்பர ஒவ்வொண்ணா, ஒண்ணுக்குப் பதில் வந்தப்புறம் அடுத்ததுன்னு அனுப்பினா 50 மில்லிசெகண்ட தாண்டிடும், அதே ஆயிரத்தையும் ஒரே மெசேஜா கட்டி அனுப்பினா 8,000 பைட், 114 மைக்ரோசெகண்ட்ல முடிஞ்சிடும். நானூறு மடங்குக்கு மேல வித்தியாசம், ஒரு பைசா செலவில்லாம. இன்ஃபினிபேண்ட்ங்கிற அதிவேக நெட்வொர்க் போட்டா ஒண்ணு ரெண்டு மைக்ரோசெகண்ட்ல போயிடுமேன்னு சில பேர் ஏங்குவாங்க, சரிதான், ஆனா கட்டி அனுப்பத் தெரியாதவங்களுக்கு அது வந்தும் பெருசா பிரயோஜனம் இருக்காதுங்கிறது என் கருத்து.

அப்புறம் ஒரு விஷயம் எங்க லேப்லயே ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. ஒரு பையன் தனியா ஓட்டினா நல்ல வேகம், இன்னொருத்தனும் அதே நேரத்துல ஓட்டினா ரெண்டு பேருக்கும் பாதி வேகம், ஆனா மெஷின்ல பாதி கோர் சும்மா கிடக்குது. ஒவ்வொரு ப்ராசஸையும் ஒரு கோர்ல கட்டிப் போடுன்னு செட் பண்ணியிருந்தா, ஓப்பன் எம்பிஐ எண்ண ஆரம்பிக்கிறது முதல் கோர்லேர்ந்து. ரெண்டாவது ஆள் எம்பிஐரன் போடுறப்ப அதுக்கு முதல் ஆள் இருக்கறதே தெரியாது, அதுவும் முதல் கோர்லேர்ந்தே எண்ணும். ரெண்டு பேரும் ஒரே நாலு கோர்ல இடிச்சுக்கிட்டு இருக்க மத்த நாலும் வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கும். இதோட ஓஎம்பி நம் த்ரெட்ஸ்ங்கிற வேரியபிள 1ன்னு வைக்காம விட்டா, உள்ள இருக்கிற மேத்ஸ் லைப்ரரி ஒவ்வொரு ப்ராசஸுக்குள்ளயும் தனித்தனியா பல த்ரெட் (ஒரு ப்ராசஸுக்குள்ளயே பக்கத்துல பக்கத்துல ஓடுற வேலை) தொடங்கிடும், இன்னும் மோசம். ரெண்டாவது யூசர் வந்த அன்னைக்கே ஸ்லர்ம் போட்டுடுங்க, நாலு மெஷினுக்கு ஸ்லர்ம் எதுக்குன்னு கேக்காதீங்க, யாருக்கு எந்த கோர்னு பிரிச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு முன்ஜ்னு, கேக்கறது யாருன்னு சரிபாக்கற ஒரு சர்வீஸ் வேணும், அதோட கீ எல்லா நோட்லயும் ஒண்ணா இருக்கணும், மெஷின் கடிகாரம் 5 நிமிஷத்துக்கு மேல விலகிப் போனா அது யாரையும் உள்ள விடாது. அதுக்குத்தான் கடிகாரத்த முன்னாடியே சொன்னேன்.

ப்ராசஸ் எண்ணிக்கைய மாத்தினா விடையோட கடைசி இலக்கங்கள் மாறுறதப் பாத்தும் நிறைய பேர் பயந்து போறாங்க. கூட்டுற வரிசை மாறுது, ஃப்ளோட்டிங் பாயிண்ட்ல வரிசை மாறினா ரவுண்டிங் மாறும், அதனால வரது. முதல் நாலு இலக்கத்துல மாறினா கட்டாயம் பயப்படணும், பதிமூணாவது இலக்கத்துல மாறினா வேண்டாம்.

ஆசிரியர் ஐயா, நான் கேக்கறது இதுதான். உங்க அறிவியல் பக்கத்துல இந்த சின்ன க்ளஸ்டர் பத்தி ஒரு தொடர் போடுங்க, நாலு வாரம் போதும். எழுதறவங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. ஒண்ணு, வெற்றிகரமா ஓடின பதிப்ப மட்டும் காட்டாம, உடைஞ்சா திரையில என்ன தெரியும், அதுக்கு என்ன அர்த்தம்னு காட்டச் சொல்லுங்க. முதல்ல ஹோஸ்ட்நேம் கமாண்ட எம்பிஐரன் வழியா எல்லா நோட்லயும் ஓட்டிப் பாரு, அது ஓடினா எஸ்எஸ்எச்சும் பாத்தும் சரி, அப்புறம் ரேங்க் மட்டும் ப்ரிண்ட் பண்ற ப்ரோக்ராம ஓட்டு, அப்புறம் ஒரு நம்பர அடுத்த ஆளுக்கு அனுப்புற ப்ரோக்ராம ஓட்டு, எந்தப் படியில நிக்குதோ அங்கதான் நோய்னு சொன்னா ஒரு பதினாறு வயசுப் பிள்ளைக்குக்கூட எங்க தேடணும்னு புரியும். அந்தப் பொண்ணுக்கு இந்த மூணு படி தெரிஞ்சிருந்தா முதல் ரெண்டு படி தாண்டி மூணாவதுல நின்னிருக்கும், கோட்ல இல்ல நெட்வொர்க்லன்னு அன்னைக்கே பிடிச்சிருப்பா.

இன்னொண்ணு மொழி பத்தி. நல்ல தமிழ்ல எழுதணும்ங்கிற ஆசையில ரேங்க், ஸ்லாட் (ஒரு நோட்ல ஒரு ப்ராசஸுக்கான இடம்), ஹோஸ்ட் எல்லாத்துக்கும் புதுச் சொல் போட்டுடாதீங்க, நான் தமிழுக்கு எதிரா சொல்லல. திரையில ஸ்லாட் பத்தலன்னு எரர் வரும்போது கட்டுரையில படிச்ச சொல்லும் அதுவும் ஒண்ணா இருந்தாத்தான் படிச்சவங்களுக்கு உதவும். சொல் அப்படியே இருக்கட்டும், விளக்கம் நம்ம வீட்ல பேசற தமிழ்ல இருக்கட்டும். எழுத ஆள் கிடைக்கலன்னா நானே எழுதித் தரேன், எங்க லேப்ல பல வருஷமா நோட்டுல குறிச்சு வச்ச எரர் எல்லாம் தேதியோட இருக்கு, அதையும் சேர்த்து அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்க அறிவியல் பக்கத்த விடாம படிக்கிற ஒரு வாசகர்